"சொல்லு, நான் கேட்கிறேன்": இணையப் பகடிவதையும் நம் பேரப்பிள்ளைகளும்

(கெலாங் பாத்தாவில் மூத்த குடிமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

உங்களில் பலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு வந்திருக்கிறீர்கள். மதியம் மறுபடியும் போய் ஏற்றிவர வேண்டும். அதனால் நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மனநல ஆலோசகரும் இல்லை. மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் சுகாதாரக் குறிப்புகளைத் தமிழில் எழுதித் தருவது என் வேலை. நீரிழிவு, இரத்த அழுத்தம், டிங்கிக் காய்ச்சல் என்று கிளினிக்கில் நீங்கள் எடுத்துப் படிக்கும் கையேடுகளைப் போன்றவைதான். இன்று இளையோரின் மனநலத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். டாக்டர் சொல்ல வேண்டியதை டாக்டர் சொல்லட்டும். மொழிபெயர்க்கும்போதும், என் வீட்டிலும் நான் கற்றுக்கொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றிப் பேச ஏன் பெரியவர்களைக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். நம் ஊரைப் பாருங்கள். 1998-இல் இரண்டாவது பாலம் திறந்ததிலிருந்து கெலாங் பாத்தாவில் எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு துவாஸ் பக்கம் போய்விட்டது. அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே மோட்டாரிலோ தொழிற்சாலைப் பேருந்திலோ கிளம்பிவிடுகிறார்கள். திரும்பி வரும்போது இருட்டிவிடுகிறது. பிள்ளை எழுந்து முகம் கழுவும்போதும், பள்ளி விட்டு வந்து பையைப் போடும்போதும் வீட்டில் இருப்பது நீங்கள்தான். பிள்ளையின் முகம் வாடியிருப்பதை முதலில் பார்க்கப்போவதும் நீங்கள்தான். அதனால்தான் இந்த உரை உங்களுக்கு.

ஒரு சொல்லால் வந்த குழப்பம்

சில காலத்துக்கு முன்பு, இணையப் பகடிவதையைப் பற்றி மலாயில் எழுதிய ஒரு குறிப்பைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். பகடி என்றால் கேலி; வதை என்றால் துன்புறுத்தல். ஒருவரைக் கைப்பேசி வழியாக, இணையம் வழியாகத் திரும்பத் திரும்பக் கேலி செய்வது, மிரட்டுவது, அசிங்கப்படுத்துவது, வேண்டுமென்றே ஒதுக்கி வைப்பது எல்லாம் இதில் அடங்கும்.

அந்தக் குறிப்பில் பிள்ளைகளுக்கு 'டாயா தாஹான்' வளர்க்க வேண்டும் என்று இருந்தது. 'தாஹான்' என்ற மலாய்ச் சொல்லை நாமும் தினமும் பேசுகிறோம். "கால் வலி தாஹான் பண்ண முடியலை" என்கிறோம். நான் யோசிக்காமல் 'தாங்கும் சக்தி' என்று எழுதிவிட்டேன். எழுதியதை என் அம்மாவிடம் படித்துக் காட்டுவது வழக்கம். அம்மாவுக்குப் புரிந்தால் எல்லாருக்கும் புரியும்.

அம்மா கேட்டுவிட்டு, "சரியாத்தான் போட்டிருக்கு. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குப் பொறுமை இல்லை. யாராச்சும் ஒன்னு சொன்னா தாங்கிக்கணும்" என்றார்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. பிள்ளையை யாராவது அடித்துக்கொண்டே இருந்தால் வாங்கிக்கொள் என்று சொல்வதற்காக அந்தக் குறிப்பை எழுதவில்லை. ஆனால் நான் போட்ட சொல் அந்த அர்த்தத்தைத்தான் தந்தது. அடித்துவிட்டு 'மீண்டெழும் ஆற்றல்' என்று மாற்றினேன். கீழே விழுந்த பிள்ளை மறுபடி எழுந்து நடக்கும் திறன். விழுந்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்று கை கொடுத்தால் எழுவது எளிது. யாருக்கும் தெரியாமல் தனியாக விழுந்து கிடந்தால் கடினம். இன்று நான் சொல்ல வந்த செய்தி இவ்வளவுதான். மற்றவை எல்லாம் இதன் விளக்கம்.

நம் காலத்துக் கேலிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"எங்க காலத்துலயும் கேலி பண்ணினாங்க. நாங்க வளரலையா?" என்று பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பட்டப்பெயர் இல்லாமல் இருந்ததே இல்லை. ஆனால் நான்கு வித்தியாசங்களை எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, அன்று கேலி பள்ளிக்கூட வாசலோடு நின்றுவிடும். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால் நிம்மதி. இன்று அது பிள்ளையின் சட்டைப்பைக்குள் வீட்டுக்கு வருகிறது. இரவு இரண்டு மணிக்கும் தலையணைக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது.

இரண்டாவது, அன்று நாலு பேர் சிரிப்பார்கள். இன்று ஒரு வகுப்பே, சில நேரம் முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சிரிக்கிறார்கள்.

மூன்றாவது, அன்று சொன்ன சொல் காற்றோடு போய்விடும். இன்று எழுதியதும் எடுத்த படமும் அப்படியே இருக்கின்றன. பிள்ளை ஒருமுறை கேட்ட வசவைப் பத்து முறை எடுத்துப் படிக்கிறது.

நான்காவது, அன்று சொன்னது யார் என்று தெரியும். இன்று போலிப் பெயரில் கணக்குத் திறந்து எழுதலாம். யார் என்று தெரியாததால் பிள்ளைக்கு எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிதான் அதை எழுதினாளோ என்று பயம் வருகிறது.

நம் நாட்டு இளையோரின் மனம் ஏற்கெனவே பாரமாகத்தான் இருக்கிறது. சுகாதார அமைச்சு 2022-இல் நடத்திய தேசிய ஆய்வில், 13 முதல் 17 வயது வரையிலான மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வின் அறிகுறி இருப்பது தெரியவந்தது. அதற்குக் காரணங்கள் பல. இருக்கும் பாரத்தின் மேல் இணையப் பகடிவதையும் வந்து ஏறினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

என் வீட்டில் நடந்தது

இப்போது என் குடும்பத்துக் கதை. என் அக்கா மகளிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். "பேரைச் சொல்லாதீங்க சித்தி, மத்தது சொல்லலாம்" என்றாள்.

அப்போது அவள் படிவம் இரண்டு. அக்காவும் மாமாவும் சிங்கப்பூரில் வேலை. பிள்ளை என் அம்மாவின் பொறுப்பில். விளையாட்டுப் போட்டி நாளில் அவள் வெயிலில் ஓடி முடித்து, வாய் திறந்து மூச்சு வாங்கும்போது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். அந்த முகத்தை வெட்டி, அவள் நிறத்தைக் கேலி செய்து ஒரு வரி எழுதி, வாட்சாப் ஸ்டிக்கராக மாற்றிவிட்டார்கள். காலையில் நீங்கள் பூவும் விளக்கும் போட்டு "இனிய காலை வணக்கம்" அனுப்புகிறீர்களே, அதே மாதிரி ஸ்டிக்கர்தான். வகுப்புக் குழுவில் யார் எது சொன்னாலும் பதிலுக்கு அவள் முகம் வந்து விழும். வீட்டுப்பாடம் என்ன என்று ஒருவன் கேட்டால் அவள் முகம். நாளைக்கு விடுமுறை என்றால் அவள் முகம். இப்படி ஏறக்குறைய மூன்று மாதம்.

வீட்டில் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை என்றால் அவளுக்கு வயிற்றுவலி வரும். பிடித்த குழம்பு வைத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. கைப்பேசியைக் கவிழ்த்தே வைப்பாள். அம்மா கண்ணேறு என்று நினைத்துச் சுற்றிப் போட்டார், திருநீறு பூசினார். ஒருநாள் நள்ளிரவு தாண்டி அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தபோது, பிள்ளை இருட்டில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

அம்மா என்ன செய்தார் தெரியுமா? நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் செய்தார். "இந்தச் சனியனாலதான் எல்லாம்" என்று கைப்பேசியைப் பிடுங்கி, நகை வைக்கும் அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். ஆனால் அடுத்த இரண்டு வாரம் அவள் பாட்டியிடம் வாய் திறக்கவில்லை. பின்னாளில்தான் காரணத்தைச் சொன்னாள்: "போன் இல்லாதப்ப அவங்க என்னைப் பத்தி என்ன பேசறாங்கன்னு தெரியாம இன்னும் பயமா இருந்துச்சு. தப்பு பண்ணினது அவங்க, தண்டனை எனக்கா?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை.

அம்மாவே ஒருநாள் மனம் மாறினார். அலமாரியைத் திறந்து கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே, தோட்டத்துப் பள்ளிக்குத் தான் நடந்து போன காலத்தைச் சொன்னார். கிழிந்த சட்டையைப் பார்த்துப் பையன்கள் ஒரு பெயர் வைத்துக் கூப்பிட்டார்களாம். லயத்தில் அடுத்த வீட்டு அக்கா ஒருத்தி தினமும் கூடவே நடந்து வந்தாளாம். "அவ ஒன்னும் சண்டை போடலை. கூட நடந்தா, அவ்வளவுதான். உன்கூட யாராச்சும் நடக்கறாங்களா?" என்று கேட்டார்.

பிள்ளை கைப்பேசியைத் திறந்து அந்த ஸ்டிக்கரைக் காட்டினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல உன் தப்பு ஒன்னும் இல்லை. இனிமே இதை நீ தனியாப் பாக்க வேணாம்" என்றார். என்னைக் கேட்டால், மீண்டெழுதல் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது. பிரச்சினை தீரவில்லை. ஆனால் பிள்ளை தனியாக இல்லை.

பிறகு அக்கா ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். முதல்முறை, பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்வது என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டாம்முறை, நாளும் நேரமும் தெரியும்படி எடுத்த படங்களை அச்செடுத்துக் கொண்டுபோனாள். அம்மாவும் கூடப் போனார். அன்று ஆலோசக ஆசிரியர் உட்கார்ந்து கேட்டார். அந்தக் குழு மூடப்பட்டது, சில பெற்றோர் அழைக்கப்பட்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அந்த ஸ்டிக்கர் இன்னும் யாருடைய கைப்பேசியிலோ இருக்கத்தான் செய்யும். இன்றும் அவளைப் படம் எடுக்க வேண்டும் என்றால் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மறுபடியும் ஓட்டப் பயிற்சிக்குப் போகிறாள்.

நாம் என்ன செய்யலாம்?

இதிலிருந்தும், நான் மொழிபெயர்த்த குறிப்புகளிலிருந்தும் சேர்த்துச் சொல்கிறேன். உங்களுக்கு டிக்டாக் தெரிய வேண்டியதில்லை. உங்கள் பிள்ளையைத் தெரிந்தால் போதும்.

மாற்றத்தைக் கவனியுங்கள். தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பள்ளிக்குப் போக மறுப்பது, செய்தி வந்த ஒலி கேட்டதும் முகம் மாறுவது, நண்பர்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்துவது, காரணமில்லாத கோபம். இவற்றில் ஒன்று ஒருநாள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. சில வாரம் தொடர்ந்தால் கேட்க வேண்டும்.

கேட்கும் விதம் முக்கியம். எதிரே உட்கார்ந்து விசாரிக்காதீர்கள். காரில் போகும்போது, துணி மடிக்கும்போது, கீரை ஆயும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். "என்ன பிரச்சினை?" என்பதைவிட, "இப்பல்லாம் நீ சரியாச் சாப்பிடறதில்லை, எனக்குக் கவலையா இருக்கு" என்று சொல்லுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி சொல்லுங்கள்.

முன்கூட்டியே ஒரு வாக்குக் கொடுங்கள். "உனக்கு என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லலாம். சொன்னதுக்காக உன் போனைப் பிடுங்க மாட்டேன், உன்னைத் திட்ட மாட்டேன்." சொன்னால் கைப்பேசி போய்விடும் என்ற பயம் பிள்ளைகளின் வாயை அடைத்துவிடுகிறது. இரவில் கைப்பேசியைக் கூடத்தில் வைப்பது என்ற பழக்கம் நல்லது. ஆனால் அது வீட்டில் எல்லாருக்கும் பொதுவான விதியாக இருக்கட்டும், உங்களுக்கும் சேர்த்து. பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு மட்டும் கொடுக்கும் தண்டனையாக இருக்கக்கூடாது.

சில சொற்களைத் தவிருங்கள். "நீ என்ன பண்ணினே?", "அதைப் பாக்காம இருந்தாப் போச்சு", "இதுக்கெல்லாமா அழுவாங்க?" இவை மூன்றும் பிள்ளையின் காதில் ஒரே மாதிரிதான் விழும்: 'உன் வலியை நான் நம்பவில்லை.' அதற்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவை: "சொன்னதுக்கு நன்றிப்பா. இது உன் தப்பில்லை. அடுத்து என்ன பண்ணலாம்னு சேர்ந்து யோசிப்போம்."

பிறகு செய்ய வேண்டிய வேலை. வசவுக்குப் பதில் வசவு எழுத வேண்டாம். அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அனுப்பியவரின் கணக்குப் பெயர், நாள், நேரம் தெரிய வேண்டும். அதன்பின் அந்தக் கணக்கைத் தடை செய்து, அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கலாம். வகுப்பாசிரியரிடமும் ஆலோசக ஆசிரியரிடமும் பேசுங்கள். முதல்முறை சரியான பதில் இல்லையென்றால் இரண்டாம்முறை போங்கள். மிரட்டல் என்றால் போலீசில் புகார் செய்யுங்கள். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் முறையிடலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. பிள்ளையின் ஆபாசப் படம் பரவுகிறது என்றால், அதை ஆதாரத்துக்காகக்கூட நகல் எடுக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் சிறார் பாலியல் குற்றச் சட்டப்படி அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குற்றம். செயற்கை அறிவைக் கொண்டு பொய்யாகச் செய்த படமாக இருந்தாலும் உடனே போலீசுக்குப் போங்கள். பிள்ளையைத் திட்டாமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவை நெருக்கடி வந்தபின் செய்வது. வருவதற்கு முன்பும் பிள்ளையை உறுதியாக்கலாம். வகுப்பைத் தவிர வேறோர் இடத்திலும் பிள்ளைக்கு நண்பர்கள் இருக்கட்டும்: கோயில் தேவார வகுப்பு, பந்து விளையாட்டு, சிலம்பம், நடனம், எதுவாகவும் இருக்கலாம். ஓரிடத்தில் ஒதுக்கினால் இன்னோரிடத்தில் சேர்த்துக்கொள்ள ஆள் இருக்கும். வீட்டில் பிள்ளையை நம்பி ஒரு பொறுப்புக் கொடுங்கள். 'நான் தேவைப்படுகிறவள்' என்ற எண்ணம் பெரிய பலம். நிறத்தையும் உடம்பையும் மதிப்பெண்ணையும் வைத்து வீட்டிலேயே கேலி செய்வதை நிறுத்துங்கள். 'கருப்பி' என்று நாம் செல்லமாகக் கூப்பிட்டிருப்போம். வெளியே யாரோ அதையே வசவாகச் சொல்லும்போது, அது உண்மைதான் என்று பிள்ளை நம்பிவிடுகிறது.

பெரியவர்களான நாமும் பொறுப்புத்தான்

பிள்ளைகள் இதையெல்லாம் எங்கே கற்றுக்கொள்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஒரு கசப்பான பதில் 2024 ஜூலையில் நம் எல்லாருக்கும் கிடைத்தது.

ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹுவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டிக்டாக்கில் பலருக்குத் தெரிந்த முகம். தன்னை மிரட்டியும் இழிவுபடுத்தியும் பேசுகிறார்கள் என்று ஜூலை 4-ஆம் தேதி கோலாலம்பூரில் போலீசில் புகார் கொடுத்தார். மறுநாள், 5-ஆம் தேதி, உயிரை மாய்த்துக்கொண்டார். ஒரு மரணத்துக்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது என்று மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் அவர் பட்ட வேதனையை அவரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

இதில் என்னை உறுத்துவது இதுதான். அந்த வசவுகளைப் பேசியது விவரம் தெரியாத சிறுபிள்ளைகள் அல்ல; வளர்ந்தவர்கள். பேசியது நம் தமிழில். நேரலையில் அதை வேடிக்கை பார்த்துச் சிரித்தவர்களும் நம்மவர்கள்தான். வழக்கில் ஒருவருக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டப்படி விதிக்கப்பட்ட அபராதம் 100 ரிங்கிட். அந்தப் பிரிவில் அதற்குமேல் விதிக்க இடமில்லை. ஓர் உயிர் போனபின் நூறு வெள்ளியா என்று நாடே கொதித்தது.

அந்தக் கொதிப்பு வீண் போகவில்லை. தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் இருக்கிறது. 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்ந்தன. மிரட்டியோ இழிவாகப் பேசியோ ஒருவருக்கு மன உளைச்சல் தருவதும், தீங்கு செய்யும் நோக்கத்தோடு ஒருவருடைய சொந்த விவரங்களைப் பரப்புவதும் இப்போது தெளிவான குற்றங்கள். மூன்று ஆண்டுவரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். அப்படித் தூண்டப்பட்டவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் நிலைக்குப் போனால் பத்து ஆண்டுவரை சிறை. ஆகவே "போலீசுக்குப் போய் என்ன ஆகப்போகுது?" என்று பழையபடி சொல்ல வேண்டாம். போகலாம், போக வேண்டும்.

ஆனால் சட்டம் நடந்தபின் வருவது. நடக்காமல் தடுக்க நம் கையிலும் ஒன்று இருக்கிறது. யாரையோ அசிங்கப்படுத்தும் காணொளி உங்கள் குடும்பக் குழுவுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது அதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். "பாவம், இந்தப் பொண்ணு இதைப் பார்த்தா எப்படி இருக்கும்?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழித்துவிடுங்கள். பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அடுத்தவரைக் கேலி செய்தது உங்கள் பேரனே என்று தெரியவந்தால் மறைக்காதீர்கள், அடிக்கவும் அடிக்காதீர்கள். பதிவை அழிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கக் கூடப் போங்கள். அவனுக்கும் ஓர் ஆள் வேண்டும்.

உயிருக்கே ஆபத்து என்று தோன்றினால்

"நான் இருந்து என்ன பிரயோஜனம்?", "செத்துப்போனா நல்லா இருக்கும்" என்று பிள்ளை சொன்னால், விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். அமைதியாக, நேராகக் கேளுங்கள்: "சாகணும்னு நினைக்கிறியா?" அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வராது. பிள்ளைக்கு ஆறுதல்தான் கிடைக்கும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். மருந்து மாத்திரை, பூச்சிக்கொல்லி போன்றவற்றைப் பூட்டி வையுங்கள். உடனே பெற்றோருக்குச் சொல்லி உதவி தேடுங்கள்.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்ற பழைய பயமும் இனி வேண்டாம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உயிரோடு போராடும் ஒருவர் குற்றவாளி இல்லை, சிகிச்சை தேவைப்படுகிறவர்.

இன்னொரு பயமும் நம் ஜொகூர்க்காரர்களுக்கு உண்டு. மனநலம் என்றதும் "தம்போய்க்குக் கொண்டுபோயிடுவாங்களா?" என்று கேட்போம். தம்போய் என்ற ஊர்ப்பெயரையே கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருப்பது ஒரு மருத்துவமனை, அதில் பணியாற்றுபவர்கள் மருத்துவர்கள். ஆனால் உதவி தேடும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்தளவுக்குப் போக வேண்டிய தேவையே வராது. சர்க்கரை பார்க்க நீங்கள் போகும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே மனநலப் பரிசோதனை கேட்கலாம். அங்கிருந்து தேவையான இடத்துக்கு அனுப்புவார்கள்.

இந்த எண்களைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள்:

சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண்: 15555. தினமும் காலை 8 மணி முதல் நள்ளிரவு 12 மணி வரை.

தாலியான் காசே உதவி எண்: 15999. 24 மணி நேரமும்.

பிஃப்ரெண்டர்ஸ், கோலாலம்பூர்: 03-7627 2929. 24 மணி நேரமும்.

உடனடி ஆபத்து என்றால்: 999.

பிள்ளைக்காக மட்டும் அல்ல. மனம் தாங்காமல் போனால் நீங்களும் அழைக்கலாம்.

கடைசியாக ஒன்று

இங்கே இருக்கும் யாருக்கும் இந்த ஊர்ப்பெயரின் அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கெலாங் என்றால் வளையல், பாத்தா என்றால் உடைந்தது. உடைந்த வளையல். அந்தப் பெயரோடுதான் இந்த ஊர் வளர்ந்து நிற்கிறது. நம் பிள்ளைகளும் உடைந்துபோகும் நேரம் வரும். வராமல் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது.

இன்று மதியம் பேரப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும்போது, "பரீட்சை என்னாச்சு?" என்ற கேள்வியை ஒருநாள் தள்ளிப்போடுங்கள். "இன்னைக்கு யார்கூட சாப்பிட்டே?" என்று கேளுங்கள். பதில் ஒரு வார்த்தையாக வந்தாலும் பரவாயில்லை. நாளைக்கும் கேளுங்கள். என்றாவது ஒருநாள் சொல்ல வேண்டியது வரும்போது, யாரிடம் சொல்லலாம் என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.